முதல் சீட்டில் ஒருத்தி

முதல் நாளே டிரைவருக்கு அவளைப் பிடிக்கவில்லை.

அவள் ஏறிய விதம் அப்படி. முன்வாசல் கம்பியைப் பிடித்துப் படியில் ஒரு காலை வைத்தவள், சூடு பட்டது போல எடுத்துவிட்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒதுங்கி நின்று எல்லாரையும் ஏறவிட்டாள். கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோன பிறகுதான், கையிலிருந்த ஊன்றுகோலை முதலில் உள்ளே ஊன்றி அதன் பின்னாலேயே ஏறினாள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். பஸ்ஸில் பாதி சீட்டு காலியாகக் கிடந்தது. அவளோ டிரைவருக்குப் பக்கவாட்டில், நடைவழிக்கு அந்தப் புறம் இருக்கும் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் ஜன்னலைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை. அவருடைய காலைப் பார்த்தாள்.

அடுத்த ஸ்டாப் பழைய ஆஸ்பத்திரி. அங்கே இறங்கிவிட்டாள். கால் சரியில்லாதவள் ஆஸ்பத்திரிக்குப் போவதில் அதிசயமில்லை. ஆனால் அவள் ஆஸ்பத்திரிக்குள் போகவில்லை. ரோட்டைக் கடந்து, வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்ததை அவர் கண்ணாடியில் பார்த்தார்.

மறுநாளும் வந்தாள். அதே சீட். அதே பார்வை.

வேறொரு காலமாக இருந்தால் இதையெல்லாம் அவர் கவனித்திருக்கவே மாட்டார். எத்தனையோ வருஷம் அதே தடத்தில் ஓட்டியவர், பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்ததில்லை. சென்ற வருஷம் மழைக்காலத்தில் அது மாறிப்போயிற்று. கல்குவாரி வளைவில், எதிரே இறக்கத்தில் வந்த லாரியின் டயர் வெடித்து, லாரி குறுக்கே திரும்பியது. பஸ் அதில் மோதிப் பள்ளத்தில் சாய்ந்தது. பலருக்குக் காயம். ஒரு பெண் இறந்துபோனாள். டிரைவருக்குத் தோளும் விலா எலும்பும் முறிந்தன. கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கூரைதான் தெரிந்தது. அன்று பஸ்ஸில் யார் யார் இருந்தார்கள், யார் எப்படித் தப்பினார்கள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

விசாரணை நடந்தது. தப்பு லாரியின் மேல்தான் என்று சொல்லிவிட்டார்கள். உடம்பு தேறியதும் பழைய தடத்தையே கொடுத்தார்கள். எல்லாரும் அந்தத் தீர்ப்பை நம்பினார்கள். நம்பாதவர் அவர் ஒருவர்தான். லாரி திரும்பியதைக் கண் பார்த்ததற்கும் கால் பிரேக்கை மிதித்ததற்கும் நடுவே என்ன நடந்தது என்பது அவர் நினைவில் இல்லை. அந்த இடம் மட்டும் கிழிந்து போயிருந்தது. கால் உடனே போனதா, இல்லை ஒரு மூச்சு தாமதித்ததா?

தன் காலையே நம்பாதவன் அடுத்தவர் வாயை எப்படி நம்புவான்? டிப்போ கேன்டீனில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றால், தன்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்று நினைத்தார். நிற்காமல் தொடர்ந்தால், தனக்காகப் பேச்சை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தார். மெக்கானிக் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்றிருந்தது. வீட்டில் மனைவி ஃபோனில் பேசிக்கொண்டிருப்பாள். இவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், "சரி, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாள்.

"யாரு?"

"என் தங்கச்சி."

"நான் வந்ததும் ஏன் வச்சுட்டே?"

"உங்களுக்குச் சோறு போட வேண்டாமா? அவளோட பேசிக்கிட்டே போட்டா குழம்பு தரையிலதான் விழும்."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள்.

ஒரு வாரம் பழைய ஆஸ்பத்திரியில் இறங்கினாள். அப்புறம் ஒருநாள் அங்கே இறங்கவில்லை. அதற்கு அடுத்த தண்ணீர்த் தொட்டியில் இறங்கினாள். சில நாள் கழித்து, அதற்கும் அடுத்த பள்ளிக்கூடம். எந்த இடத்திலும் அவளுக்கு ஒரு வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை. இறங்குவாள், கொஞ்ச நேரம் நிற்பாள், சுற்றிலும் பார்ப்பாள். பஸ்ஸில் இருக்கும் வரை அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். கண் மட்டும் அவர் காலை விட்டு நகராது. கியர் மாற்றக் கிளட்சை மிதித்தாலும் பார்த்தாள், சிக்னலில் பிரேக்கை மிதித்தாலும் பார்த்தாள். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிறவர் போல அப்படி ஒரு பார்வை. ஒரு தடவை அவர் வேண்டுமென்றே முறைத்தார். அவள் முறைப்பைக் கவனிக்கக்கூட இல்லை.

கண்டக்டருக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது அல்ல, டிப்போ வைத்தது. காதில் விழுந்த எதையும் சொந்தச் சரக்கைச் சேர்க்காமல் அவன் ஒலிபரப்பியதில்லை.

"அண்ணே, அந்த ஊன்றுகோல் அம்மாவைப் பார்த்தீங்களா?" என்றான் ஒருநாள், கடைசி ஸ்டாப்பில் டீ குடிக்கும்போது.

"எந்த அம்மா?" என்றார் டிரைவர், தெரியாதது போல.

"தினம் உங்க பக்கத்துல உக்காந்து வருதே, அதுதான். பள்ளிக்கூடத்துல இறங்கிட்டு எதிர்ப்பக்கம் நிக்குது. அந்த வழியா எவ்வளவு பஸ்ஸு போவுது? ஒண்ணுலயும் ஏறல. நம்ம வண்டி திரும்பி வந்தாத்தான் ஏறுது. பின்னால வர்ற வண்டி கண்டக்டரு சொன்னான், 'வாம்மா, காலியா இருக்கு'ன்னு கூப்பிட்டானாம். தலையை ஆட்டிடுச்சாம்."

டிரைவர் டீயைக் கீழே வைத்தார். திரும்பும் பயணத்தில் அவள் ஏறுவதை அவரும் பார்த்திருந்தார். மற்ற பஸ்களை விட்டுவிட்டு ஏறுகிறாள் என்பது புதுச் செய்தி.

"எனக்கு என்னமோ டவுட்டா இருக்கு," என்று ரேடியோ குரலைத் தணித்தான். "அந்த இறந்துபோன பொண்ணு வீட்டுல வக்கீலைப் பார்த்திருக்காங்களாம். கேஸை மறுபடி தோண்டப்போறாங்கன்னு பேச்சு. வக்கீலுங்க இப்படித்தான் ஆளு வைப்பாங்க. நீங்க எப்படி ஓட்டறீங்க, எங்க பிரேக் போடறீங்க, எல்லாம் பார்த்துக்கிட்டு வந்து கோர்ட்டுல நிக்கும்."

"உனக்கு யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

எல்லாரும் என்றால் யார் என்று கேட்டால் ரேடியோ வேறு நிலையத்துக்கு மாறிவிடுவான். அதனால் டிரைவர் கேட்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து, அவள் ஒவ்வொரு ஸ்டாப்பாக எங்கே நகர்ந்துகொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு அடுத்தது மரக்கடை. மரக்கடை தாண்டினால் கல்குவாரி வளைவு.

மறுநாள் டிப்போ மேனேஜர் அறைக்குப் போய் நின்றார்.

"சார், என் வண்டில யாரையாவது போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்னா?" மேனேஜர் தலையை நிமிர்த்தினார்.

"என்னைப் பார்க்கறதுக்கு. ஒரு பொம்பளை."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "உக்காருங்க. சரியாத் தூங்கறீங்களா?"

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்லையே சார்."

"யாரையும் போடல. ஆனா நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாள் டிப்போவுலயே இருங்களேன். வண்டி கழுவற இடத்துல மேற்பார்வைக்கு ஆள் வேணும். சம்பளம் அதேதான்."

அக்கறையோடுதான் சொன்னார். டிரைவர் காதில் அது வேறாக விழுந்தது. அவளை அனுப்பியதே இவர்கள்தான். மெல்ல ஓரங்கட்டப் பார்க்கிறார்கள். "யோசிச்சு சொல்றேன் சார்" என்று வெளியே வந்தார்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"வக்கீல் அனுப்பின ஆளுங்கறீங்க, மேனேஜர் அனுப்பின ஆளுங்கறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பொண்ணை அனுப்புவாங்களா? செலவு மிச்சம்னா?"

"உனக்குக் கிண்டலா இருக்கு."

"கிண்டல் இல்லைங்க. அவகிட்டயே கேட்டுட்டா என்ன? வாயி இருக்குல்ல?"

"கேட்டா உஷாராயிடுவா."

மனைவி மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் போட்டாள். "இங்க பாருங்க. நான் உங்களுக்குத் தெரியாம என் தங்கச்சிகிட்ட என்ன பேசறேன்னு தெரியணுமா? 'இன்னைக்குக் கொஞ்சம் சிரிச்சாரு'ன்னு சொல்றேன். இல்லேன்னா 'இன்னைக்கும் சிரிக்கல'ன்னு சொல்றேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

அவர் உட்கார்ந்து, அவள் பக்கத்தில் கிடந்த துணியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தப்பும் தவறுமாக மடித்தார்.

மரக்கடையில் அவள் நாலைந்து நாள் இறங்கினாள். அந்த நாட்களில் அவள் முகம் மோசமாகிக்கொண்டே வந்தது. உதடு வெளுத்துப்போய், முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். டிரைவர் அதையும் ஒரு நடிப்பு என்றே வைத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் காலை, பஸ் மரக்கடையில் நின்றது. சிலர் இறங்கினார்கள். அவள் எழவில்லை.

"மரக்கடை, மரக்கடை," என்றான் ரேடியோ, அவளைப் பார்த்தபடியே. அவள் அசையவில்லை. விசில் ஊதினான். ஊதிவிட்டு, டிரைவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

டிரைவர் வண்டியை எடுத்தார். இன்றைக்குத்தான் என்று நினைத்தார். இத்தனை நாள் ஒத்திகை பார்த்தவள் இன்றைக்கு வளைவில் என்னைப் பார்க்கப்போகிறாள். வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அந்த வளைவை அவர் ஊர்ந்துதான் கடந்திருக்கிறார். பின்னால் வருகிற வண்டிகள் ஹாரன் அடிக்கும், பயணிகள் உச்சுக்கொட்டுவார்கள். அன்று அதைவிட மெல்லப் போனார். வலது கால் மிதியின் மேல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் இன்னும் நடுங்கியது.

குவாரியின் வெள்ளைத் தூசி படிந்த மரங்கள் வந்தன. வளைவின் ஓரம் புதிதாகப் போட்ட இரும்புத் தடுப்பு தெரிந்தது. எதிரே ஒரு லாரி, ஒன்றும் செய்யாமல், ஒழுங்காகத் தன் வழியில் இறங்கிப் போயிற்று.

"நிறுத்துங்க," என்றாள் அவள்.

முதலில் சத்தமே வரவில்லை. இரண்டாவது தடவைதான் வந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க."

அவர் வளைவைத் தாண்டி, அகலமான ஓரத்தில் வண்டியை நிறுத்தினார். அவள் ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கி, தடுப்பின் மேல் சாய்ந்து வாந்தி எடுத்தாள்.

டிரைவர் என்ஜினை அணைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ரேடியோவும் இறங்கப் பார்த்தான். "நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

"ஏம்மா, யாரு அனுப்பினாங்க உன்னை? வக்கீலா, டிப்போவா? நேராச் சொல்லு. தினம் வந்து என் காலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கியே, எதுக்கு?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என்னைத் தெரியலையா உங்களுக்கு?"

"தெரியாது."

"அன்னைக்கு நானும் இந்த வண்டிலதான் இருந்தேன். அதே சீட்டுல. பக்கத்துல எங்க அக்கா. இறந்தது எங்க அக்காதான்."

டிரைவருக்கு, தான் கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"என்னை யாரும் அனுப்பல," என்றாள் அவள். "வக்கீலைப் பார்க்கலாம்னு மாமா சொன்னாரு. அம்மா வேண்டாம்னுட்டாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு. நான் ரொம்ப நாள் படுக்கைலயே கிடந்தேன். கால் நடக்க வந்துச்சு. ஆனா பஸ்ஸுன்னா ஏற முடியல. சத்தம் கேட்டாலே உடம்பு உதறும். வீட்டை விட்டு வெளியவே வரல. மில் தாண்டி ஒரு கண்ணாடிக் கடை இருக்கு, மூக்குக் கண்ணாடி. அங்க வேலைக்குக் கூப்பிட்டாங்க. வர்றேன்னு சொல்லிட்டேன். எப்படிப் போவேன்னு யோசிக்காமலே சொல்லிட்டேன். மாசப் பிறப்புலேர்ந்து வரணும்னாங்க. அதுக்குள்ள பழகிடணும்னுதான் ஒவ்வொரு ஸ்டாப்பா."

"அதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்றார். கேட்டபோது குரலில் கோபம் இல்லை.

"நீங்க திரும்ப ஓட்ட வந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். எப்படி வந்தாருன்னு பார்க்கணும்னு தோணிச்சு. உங்களை நம்பித்தான் வந்தேன்னு சொன்னா பொய். சந்தேகப்பட்டுத்தான் வந்தேன். அன்னைக்கு நீங்க கொஞ்சம் லேட்டா மிதிச்சீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். படுக்கைல கிடந்தப்போ அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அதனாலதான் காலைப் பார்த்தேன். தினம் பார்த்தேன். குறுக்க நாய் வந்தாலும், குழந்தை வந்தாலும், நான் பார்க்கறதுக்கு முன்னாடியே உங்க கால் பிரேக்குக்குப் போயிடுது."

"அன்னைக்கு?"

பஸ்ஸிலிருந்து யாரோ, "என்னப்பா, போகலாமா?" என்று குரல் கொடுத்தார்கள்.

"அன்னைக்கு எனக்கு ஞாபகம் இல்ல. சந்தேகம் பாதி போயிடுச்சு. பாதி இருக்கு. பொய் சொல்ல விரும்பல."

டிரைவர் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். கீழே பள்ளத்தில் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லாத ஒன்றை, முன்பின் பேசியிராத அந்தப் பெண்ணிடம் சொன்னார். "எனக்கும் ஞாபகம் இல்லம்மா. அந்தச் சந்தேகம் எனக்கும் இருக்கு. தினம் இங்க வர்றப்போ கால் நடுங்குது."

"பார்த்தேன்," என்றாள் அவள். "அதைப் பார்த்துத்தான் இன்னைக்கு நிறுத்தச் சொன்னேன். நீங்களே பயந்தா நான் எப்படி உக்கார்றது?"

அவள் சொன்னதில் குற்றச்சாட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இருந்தாலும், இத்தனை மாதமாகத் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு மூட்டையின் மறுமுனையை யாரோ பிடித்தது போல அவருக்கு இருந்தது. கனம் குறையவில்லை. ஆனால் நிற்க முடிந்தது.

"உங்க வீட்டுக்கு நான் வந்திருக்கணும்," என்றார். "வரல. அக்கா முகத்தைக்கூட நான் பார்த்ததில்ல."

"வாங்க ஒருநாள். அம்மா திட்டமாட்டாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா வாங்க."

பஸ்ஸின் படியில் ரேடியோ பாதி உடம்பை வெளியே நீட்டிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். டிரைவர் அவனைப் பார்த்ததும், "ஜனங்க சத்தம் போடறாங்கண்ணே" என்று உள்ளே போனான்.

"ஏறும்மா," என்றார் டிரைவர். "இன்னும் ரெண்டு ஸ்டாப்தான் மில்லு."

"முடியாது. இன்னைக்கு இது போதும். நான் நடந்து போறேன்."

"இந்தக் காலோட இவ்வளவு தூரமா? அது எதுக்கு? வளைவு முடிஞ்சுபோச்சும்மா. திரும்பிப் பாரு, பின்னால கிடக்குது. நாம தாண்டிட்டோம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். உண்மையிலேயே பஸ் வளைவைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது. நிறுத்தச் சொன்ன பதற்றத்தில் அதை அவள் கவனித்திருக்கவில்லை. முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் கை தடுப்பை விட்டது.

"இங்கேர்ந்து மெதுவாப் போவேன்," என்றார்.

"வேண்டாம்," என்றாள். "நீங்க மெதுவாப் போனா என்னவோ ஆகப்போவுதுன்னு எனக்கு வயிறு கலங்குது. எல்லாரும் ஓட்டற மாதிரி ஓட்டுங்க."

இதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரிக்கலாமா என்று தயங்குவதற்குள் வந்துவிட்டது. அவள் ஏறினாள், முதல் சீட்டில் உட்கார்ந்தாள். மில் ஸ்டாப் வரை எல்லாரும் ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். கண்டக்டர் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள், மரக்கடையிலேயே இறங்கிவிட்டாள். அதற்கு அடுத்த நாள் வளைவில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஆனால் மாதம் பிறந்தபோது கண்ணாடிக் கடை திறக்கும் நேரத்துக்கு அங்கே இருந்தாள். டிரைவர் மேனேஜரிடம் போய், வண்டி கழுவும் இடம் வேண்டாம், ஸ்டியரிங்கே போதும் என்று சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். அந்த அம்மா திட்டவில்லை; ஆனால் அவரைப் பார்க்கவும் இல்லை. கிளம்பும்போது மட்டும், "பார்த்து ஓட்டுங்க" என்றார். டிரைவருக்கு அந்த ஒரு சொல் தெருமுனை வரை போதுமானதாக இருந்தது. அதற்கப்பால் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேலைக்குப் போக ஆரம்பித்துச் சில மாதங்கள் கழித்து, ஒரு காலை அந்தப் பெண் ஸ்டாப்பில் இல்லை. டிரைவர் வழக்கத்துக்கு மேல் கொஞ்சம் நின்று பார்த்தார். ரேடியோ, "வேலையை விட்டுடுச்சோ என்னவோ" என்று ஆரம்பித்தான். நாள் முழுக்க அவருக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா, பழையபடி பயமா, அம்மா ஏதாவது சொல்லிவிட்டாரா என்று ஆயிரம் நினைப்பு.

மறுநாள் நின்றிருந்தாள். ஏறினாள்.

"நேத்து எங்கம்மா ஆளைக் காணோம்?"

"கடையைச் சீக்கிரம் திறக்கணும்னாங்கண்ணா. அதனால இதுக்கு முந்தின பஸ்ஸுல போயிட்டேன்."

டிரைவருக்கு ஒரு கணம் சுருக்கென்றது. "அந்த வண்டியா? யாரு ஓட்டினா?"

"தெரியலையே."

"வளைவுல எப்படித் திருப்பினாரு?"

அவள் யோசித்தாள். "கவனிக்கலண்ணா. பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, மருமகளைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. கதை முடியறதுக்குள்ள மில்லு வந்துடுச்சு."

சொல்லிவிட்டு அவள் பின்னால் போய், காற்று வரும் ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். தன் காலைப் பார்க்க இன்றைக்கு ஆளில்லை என்பதில் டிரைவருக்குச் சின்னதாக ஒரு பொறாமைகூட எட்டிப் பார்த்தது. யார் அந்த டிரைவர் என்று சாயங்காலம் விசாரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ரேடியோ விசில் ஊதினான். அவர் கியரைப் போட்டார்.